ஊரின் வயதும் தலைமுறைக் கணக்கும்: கடலூர், சிதம்பரம் நகரங்களை முன்வைத்துத் தமிழ்க் கள ஆய்வு குறித்த ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நகரில் வாழும் முதியோரும் இளையோரும் ஒரே குடிவழியின் இரு தலைமுறையினர் என்னும் எண்ணம் தமிழ்க் கள ஆய்வுகளின் அடியில் சொல்லப்படாமலே தங்கியுள்ளது. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு நகரின் வயதமைப்பை உருவாக்குகின்றன. சிதம்பரத்தின் இளையோருள் பெரும்பகுதியினர் வேறு ஊரினர்; கடலூர் முதியோரின் பிள்ளைகளுள் பலர் வேறு ஊர்களில் உள்ளனர்; நெய்வேலி நகரியத்தில் முதியோர் தங்குவதற்கே பணியிட விதி இடந்தருவதில்லை. இவ்வுண்மையைக் கருதாத ஆய்வு, இடப்பெயர்வின் விளைவைப் பண்பாட்டின் அழிவாகப் பிழைபடக் கணிக்கும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: வயதமைப்பு, தலைமுறை, இடப்பெயர்வு, தகவலாளர், கள ஆய்வு, நடுநாடு.

முன்னுரை

தமிழ்த் துறைகளில் அளிக்கப்பெறும் நாட்டார் வழக்காற்றியல், கிளைமொழியியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் இடம்பெறுவது மரபு. பெயர், பால், வயது, ஊர், தொழில் என அப்பட்டியல் அமையும். பட்டியலில் இடம்பெறும் வயது, ஆய்வேட்டின் முடிவுரையில் ஒரு வாதமாக உருமாறுவதைக் காணலாம். அறுபதைக் கடந்தோர் ஒரு பாடலை, ஒரு சடங்கை, ஒரு சொல்லை அறிந்துள்ளனர். இருபதைக் கடந்தோர் அறியவில்லை. ஆதலின் அவ்வழக்காறு அழிந்து வருகிறது என்பதே அவ்வாதம். கேட்பதற்கு இயல்பாகவும் ஐயத்திற்கு இடமற்றதாகவும் தோன்றும் இம்முடிவு ஓர் எடுகோளைச் சார்ந்து நிற்கிறது. அந்த இருபது வயதினர் அந்த அறுபது வயதினரின் மக்கள் அல்லது பெயரர் என்பதே அவ்வெடுகோள்.

ஊரகத்தில் ஒரு காலத்தில் இவ்வெடுகோள் ஏறத்தாழப் பொருந்தியிருக்கலாம். நகரத்தில் அது பொருந்துமா என்பது தனியே ஆராயப்பட வேண்டிய வினா. கடலூர், சிதம்பரம் ஆகிய இரு நகரங்களையும் அவற்றுக்கு அண்மையிலுள்ள நெய்வேலி நகரியத்தையும் சான்றாகக் கொண்டு அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆளின் வயதும் ஊரின் வயதும்

ஓர் ஆள் ஓராண்டில் ஒரு வயது மூக்கிறார்; இதற்கு விலக்கில்லை. ஊர் அவ்வாறு மூப்பதில்லை. ஓராண்டில் ஓர் ஊர் மூக்கலாம், இளமையும் எய்தலாம், பல்லாண்டுகள் ஒரே நிலையில் நிற்கவும் கூடும். குழந்தைகள் பிறக்கப் பிறக்க ஊரின் வயது இறங்கும். முதியோர் இறப்பினும் இறங்கும். இளையோர் வந்து குடியேறினால் மேலும் இறங்கும்; அவர்கள் வெளியேறினால் ஏறும். ஒருவர்க்கும் வயது கூடாமலே ஓர் ஊர் ஒரே ஆண்டில் மூத்துவிட முடியும் என்பதை இதனால் உணரலாம்.

முதியோர் நெடுநாள் வாழ்வதே மக்கள்தொகை மூப்பிற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. மக்கள்தொகையியல் காட்டும் முதன்மைக் காரணம் வேறு. பிறப்பு குறைவதே ஒரு சமுதாயத்தை முதலில் மூப்படையச் செய்கிறது. ஆயுள் நீட்சி அதன்பின் வலுச்சேர்க்கிறது. நகரங்களைப் பொறுத்தவரை இவ்விரண்டினும் விரைந்து செயற்படுவது இடப்பெயர்வு. பிறப்பு வீதம் மாற ஒரு தலைமுறை ஆகும். ஒரு கல்லூரி தொடங்கப்பெற்றாலோ, ஓர் ஆலை மூடப்பட்டாலோ ஊரின் வயதமைப்பு சில ஆண்டுகளிலேயே மாறிவிடும்.

உலகப் பெருநகரங்கள் பலவும் இளமைத் தோற்றம் கொண்டிருப்பது இதனாலேயே. கல்விக்கும் வேலைக்கும் இருபதுகளில் வருவோர் அந்நகரங்களின் வயதுக் கூம்பகத்தில் ஒரு புடைப்பை உண்டாக்குகின்றனர். வந்தோர் முதிரும்போது ஒரு பகுதியினர் புறநகருக்கோ பிறந்த ஊருக்கோ செல்ல, புதியோர் அவ்விடத்தை நிரப்புகின்றனர். புடைப்பு அவ்விடத்திலேயே இருக்கும். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பர். 2001க்கும் 2011க்கும் இடையே சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே வளர, அதனைச் சூழ்ந்த காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் 35 விழுக்காட்டிற்கு மேல் வளர்ந்தன. ஒரே பெருநகரின் உள்வட்டமும் புறவட்டமும் வெவ்வேறு வகையில் வளர்வதை இக்கணக்கு உணர்த்துகிறது. ‘சென்னை இளைஞர்’ எனப் பொதுமையில் சுட்டும் ஆய்வு, எந்தச் சென்னை என முதலில் வரையறுத்தல் வேண்டும்.

இலக்கிய மரபில் ஊரின் வயதமைப்பு

வயது பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுத்தே தொடங்குகிறது. பிள்ளைத்தமிழ் குழவிப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. பாட்டியல் நூல்கள் மகளிர் பருவத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுக்கின்றன. ஆயினும் இவையெல்லாம் ஆளின் வயதைப் பற்றியன. ஊரின் வயதைப் பற்றியன அல்ல.

உலா இலக்கியத்தை வயதமைப்பு நோக்கில் அணுகினால் ஒரு செய்தி புலனாகும். நூலுக்கு நூல் சிறு வேறுபாடு இருப்பினும் பேரிளம்பெண் பருவம் 40 வயதோடு முடிகிறது. தலைவன் உலாப்போதரும் வீதியில் திரண்டு நிற்கும் ஏழு பருவ மகளிருள் நாற்பதைக் கடந்தவர்க்குப் பெயரும் இல்லை, இடமும் இல்லை. ஆடவர் பருவங்களுக்குப் பாட்டியல் தரும் பெயர்களுள் முதுமகன் என்பது உண்டு. மகளிர் வரிசையில் அதற்கு இணையான பெயர் இல்லை. உலா காட்டும் நகரம் முதுமகளிர் இல்லாத நகரமாகும்.

சங்க இலக்கியம் காட்டும் நகரமும் ஊரும் இத்தகையன அல்ல. மதுரைக்காஞ்சி நரைத்த கூந்தலையுடைய முதுபெண்டிர் மனைதோறும் சென்று பண்டம் விற்பதைக் காட்டுகிறது. முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்கச் செல்வோர் பெருமுது பெண்டிரே. அங்கு முதுமை நகர வாழ்வில் பணிசெய்யும் ஒரு பகுதியாக விளங்குகிறது. புறநானூற்று 191ஆம் பாடலில், யாண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறும் பிசிராந்தையார் தம் உடலைச் சுட்டவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் எனத் தம்மைச் சூழ்ந்தோரையே காரணமாக நிரல்படுத்துகிறார். ஓர் ஆளின் மூப்பு அவரைச் சூழ்ந்த ஊரின் அமைப்பைப் பொறுத்தது என்னும் கருத்தைத் தமிழில் மிகத் தெளிவாகக் கூறும் சான்று இதுவெனலாம்.

‘கிழவன்’ என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டு கருதத்தக்கது. தொல்காப்பியத்தில் உரிமையுடையவனைக் குறித்த அச்சொல், இன்று முதியவனை, அதுவும் மதிப்புக் குறைவாகக் குறிக்கிறது. சொல்லில் உரிமை நீங்கி வயது மட்டுமே எஞ்சியது.

தமிழ்நாட்டுக் கணக்கு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டில் 10.4 விழுக்காட்டினர். மைய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் முன்கணிப்பு, தமிழ்நாட்டில் இவ்விகிதம் 2021இல் 13.6 ஆகவும் 2031இல் 18.2 ஆகவும் உயரும் எனக் கூறுகிறது. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கை தமிழ்நாட்டின் மொத்தக் கருவள வீதத்தை 1.4 எனக் காட்டியது. ஒரு தலைமுறை தன்னை அடுத்த தலைமுறையால் ஈடுசெய்துகொள்ளத் தேவையான அளவு 2.1 என்பது கருதத்தக்கது. 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டு, 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் மாநிலத்தின் வயதமைப்பு பெரிதும் மாறியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

மாநிலச் சராசரி ஒவ்வோர் ஊருக்கும் பொருந்துவதன்று. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது உருவான கடலூர் மாவட்டத்தில் 2011இல் 26,05,914 பேர் வாழ்ந்தனர். கடலூர் நகராட்சியில் 1,73,636 பேரும் சிதம்பரம் நகராட்சியில் 62,153 பேரும் இருந்தனர். கடலூர் 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. சென்னையோடு ஒப்பிட இவை சிறு நகரங்களே. எனினும் பெருநகரங்களின் வயதமைப்பை ஆக்கும் விசைகள் மூன்றும் இம்மாவட்டத்தில் ஊருக்கு ஒன்றாகத் தனித்தனியே புலப்படுகின்றன. ஆய்வுக்கு அதுவே வாய்ப்பாகும்.

நெய்வேலி: மூக்க இயலாத நகரியம்

2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் வீழ்த்தியது. பண்ணுருட்டிப் பகுதியில் பல தலைமுறை மரங்கள் கலந்து நின்ற தோப்புகள் அழிந்து, புதுக்கன்றுகள் ஒரே காலத்தில் நடப்பட்டன. பல வயது மரங்கள் நின்ற இடத்தில் ஒரே வயது மரங்கள் நிற்கலாயின. ஒரே வயதுத் தோப்பு ஒன்றாய்க் காய்க்கும், ஒன்றாய் மூக்கும்.

நெய்வேலி நகரியம் தொடக்கத்தில் அத்தகைய தோப்பை ஒத்தது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் நிறுவப்பெற்றபின், தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் உழைக்கும் வயதினர் வந்து குடியேறினர். சப்பான் நாட்டின் தோக்கியோ அருகே 1971இல் குடியேற்றம் தொடங்கிய தாமா புதுநகர் இவ்வாறே இளங்குடும்பங்களால் நிரம்பியது. அக்குடும்பங்கள் அங்கேயே தங்கி ஒருங்கே மூத்தமையால் அது முதியோர் நகராயிற்று. நெய்வேலியில் அவ்வாறு நிகழவில்லை. அங்கு வீடு நிறுவனத்தினுடையது. பணி ஓய்வு பெற்றோர் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுச் சுற்றுப்புற ஊர்களுக்கோ சொந்த ஊர்களுக்கோ பெயர்கின்றனர். 2001க்கும் 2011க்கும் இடையே நகரியத்தின் மக்கள்தொகையும் குறைந்தது.

செயகாந்தனின் ‘யுகசந்தி’ சிறுகதையை இப்பின்புலத்தில் மீள வாசிக்கலாம். கணவனை இழந்த இளம்பேத்திக்கு நெய்வேலியில் ஆசிரியப் பணி கிடைக்கிறது. அவளுக்குத் துணையாகச் செல்லும் பாட்டி, கடலூரிலுள்ள மகன் வீட்டிற்கு வந்து போகிறாள். பேத்தியின் மறுமண முடிவை மகன் ஏற்க மறுக்க, பாட்டி பேத்தியின் பக்கம் நிற்கிறாள். விதவை மறுமணம் பற்றிய கதையாகவே பெரிதும் ஆராயப்பட்ட இப்படைப்பில் இரு நகரங்களின் வயதமைப்பும் பதிவாகியுள்ளது. பழைய குடும்பம் நிலைகொண்ட ஊர் கடலூர். வேலை இளையோரை ஈர்க்கும் ஊர் நெய்வேலி. புதிய நகரில் முதுமைக்கு உரிய இடம் இளையவரின் துணை என்னும் நிலையிலேயே அமைகிறது. கதையில் கருத்து மாற்றம் முதியவளிடம் நிகழ்வதற்கும் இவ்விடமாற்றத்திற்கும் உள்ள தொடர்பு ஆராயத்தக்கது.

சிதம்பரம்: வந்து செல்லும் இளமை

1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதற்குமுன் 1920இலேயே மீனாட்சி கல்லூரி தொடங்கிவிட்டது. அன்றுமுதல் நூறாண்டுக் காலமாகச் சிதம்பரத்தை ஒட்டி ஓர் இளையோர் திரள் இருந்து வருகிறது. அத்திரளின் வயது என்றும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்திற்குள் நிற்பது. 1965 மொழிப்போரில் சிதம்பரம் முன்னணியில் நின்றதற்கு இத்திரளே காரணம். அன்று இருபது வயதினராய் இருந்தோர் இன்று எண்பதை எட்டியுள்ளனர்; ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் சிதம்பரத்தில் மூக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் இன்றும் இருபது வயதினரே உள்ளனர்.

நிருவாக எல்லையும் இங்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. பல்கலைக்கழக வளாகம் அமைந்த அண்ணாமலைநகர் தனிப் பேரூராட்சி. சிதம்பரம் தனி நகராட்சி. கணக்கெடுப்பு ஏட்டில் இரண்டும் இரு ஊர்கள். மக்கள் வழக்கில் இரண்டும் ஒன்றே. ‘சிதம்பரம் இளைஞர்’ என ஆய்வேட்டில் எழுதும்போது அது தேர்வீதிகளில் பிறந்து வளர்ந்தோரைக் குறிக்கிறதா, விடுதியில் தங்கிப் பயில்வோரைக் குறிக்கிறதா என்பது தெளிவாவதில்லை. 2013இல் பல்கலைக்கழகம் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தபின், மிகையெனக் கருதப்பட்ட பணியாளர் பலர் பிற மாவட்டக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பப்பட்டனர். உழைக்கும் வயதினரின் இவ்வெளியேற்றமும் நகரின் வயதமைப்பைத் தொட்டிருத்தல் வேண்டும். ஒரு நிருவாக ஆணை ஊரின் வயதை மாற்ற வல்லது என்பதற்கு இது சான்று.

கடலூர்: விட்டுச்சென்ற இளமையும் இழந்த இளமையும்

கடலூர் பழைய துறைமுக நகரம், மாவட்டத் தலைநகரம், 1980களிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டையைக் கொண்ட ஊர். ஆயினும் கல்விக்கும் வேலைக்கும் சென்னை, புதுச்சேரி, பெங்களூரு, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் நோக்கி இளையோர் செல்வது இப்பகுதியில் நெடுங்கால வழக்கம். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனும் மஞ்சக்குப்பத்தில் பிறந்த செயகாந்தனும் தம் எழுத்து வாழ்வைச் சென்னையில் அமைத்துக்கொண்டமை இவ்வழக்கத்தின் இலக்கியச் சான்றாகும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. தேவனாம்பட்டினம் முதலிய கடற்கரைக் குப்பங்களில் இறந்தோருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டபின் மக்களை இழந்த தாய்மாருள் பலர் மறுஇணைப்பு அறுவையை நாடினர். அரசும் அதற்கு உதவியது. அன்று 5 வயதில் இறந்த குழந்தை உயிரோடிருந்தால் 2027இல் அதற்கு 27 வயது கடந்திருக்கும். மாநிலக் கூம்பகத்தில் தெரியாத அவ்விடைவெளி, ஒரு குப்பத்தின் கூம்பகத்தில் வெற்றிடமாகத் தெரியும். அக்குப்பங்களில் ஒப்பாரியும் தாலாட்டும் திரட்டும் ஆய்வாளர், ‘இளம்பெண்களுக்குப் பாடல் தெரியவில்லை’ என எழுதுமுன், பாடலைக் கற்பித்திருக்க வேண்டிய தாயரும் கற்றிருக்க வேண்டிய சிறுமியரும் எங்கே எனக் கேட்டல் கடமை.

ஆய்வில் நேரும் பிழை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? ஒரே மாவட்டத்தின் மூன்று நகரங்களில் முதியோர்க்கும் இளையோர்க்கும் உள்ள உறவு மூன்று வகைப்படுகிறது. நெய்வேலி நகரியத்தில் இளையோர் உளர். அவர்க்கு முந்தைய தலைமுறை வெளியேறிவிட்டது. சிதம்பரத்தில் இரு சாராரும் உளர். ஆயின் இளையோருள் பெரும்பகுதியினர் அம்முதியோரின் வழியினர் அல்லர். கடலூரில் முதியோர் உளர். அவர் மக்களுள் பலர் வெளியூரில் உளர்.

கிளைமொழி ஆய்வில் முதியோர் பேச்சையும் இளையோர் பேச்சையும் ஒப்பிட்டு மொழிமாற்றத்தைக் கணிப்பது ஏற்கப்பட்ட நெறி. சிதம்பரத்தில் அறுபது வயதினரிடம் வழங்கும் ஒரு நடுநாட்டுச் சொல், அங்கு விடுதியில் பயிலும் தருமபுரி மாணவரிடமோ தூத்துக்குடி மாணவரிடமோ வழங்காமை சொல்லின் அழிவைக் காட்டாது. அவர் வேறு வட்டாரத்தினர் என்பதையே காட்டும். மறுதலையாக, அச்சொல் சென்னைப் புறநகரில் குடியேறிய சிதம்பரத்தாரின் வீட்டில் வழங்கிக்கொண்டிருக்கக் கூடும். கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி போன்ற அரிய தொகுப்பு இத்தகைய கேள்விகளுக்கு அடித்தளமாக அமையும். அச்சொற்களை இன்று எவ்வூரில், எவ்வயதினர் வழங்குகின்றனர் என்னும் அடுத்த கட்ட ஆய்வு, நிலத்தை மட்டுமன்றிக் குடிவழியையும் பின்தொடர வேண்டும்.

வயது பற்றிய மூன்று விளைவுகளைப் பிரித்தறிதலும் இன்றியமையாதது. அறுபது வயதினர் என்பதால் ஒருவர் ஒன்றைச் செய்யலாம். இஃது வயதின் விளைவு. 1960களில் வளர்ந்தார் என்பதால் செய்யலாம். இஃது பிறப்புக் காலத்தின் விளைவு. அனைவரும் இன்று செய்வதால் தாமும் செய்யலாம். இஃது நிகழ்காலத்தின் விளைவு. இருபது வயதில் ஒப்பாரி பாடாத பெண், அறுபது வயதில் பாடலாம். இன்றைய மூதாட்டியரும் தம் இருபதில் பாடினரா என்று வினவாமல் அழிவை உறுதிசெய்தல் ஆகாது.

தடையும் விடையும்

மக்கள்தொகைக் கணக்கு புள்ளியியலாரின் பணி. தமிழாய்வாளர்க்கு அது வேண்டாதது எனச் சிலர் தடை எழுப்பலாம். ‘அழிந்து வருகிறது’, ‘அருகிவிட்டது’, ‘இளந்தலைமுறை மறந்துவிட்டது’ ஆகிய தொடர்கள் யாவும் மக்கள்தொகை பற்றிய கூற்றுகளே. கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விலக்குதல் முறையன்று. அழிவு என்னும் தீர்ப்பு எழுதப்பட்டவுடன் அடுத்த ஆய்வாளர் அவ்வழக்காற்றைத் தேடுவதையே கைவிடுகிறார் என்பது இதனினும் பெரிய இழப்பு.

வழக்காறுகள் அழிவதே இல்லை என இக்கட்டுரை கூறவில்லை. தொழில் மாறும்போது தொழிற்பாடல் மறைவதும், பள்ளிக்கல்வியாலும் ஊடகத்தாலும் வட்டாரச் சொல் தேய்வதும் உண்மை. மறைந்ததையும் இடம்பெயர்ந்ததையும் ஒரே சொல்லால் குறிப்பதே பிழை. முன்னதற்கு உரிய பணி விரைந்த பதிவு. பின்னதற்கு உரிய பணி தொடர்ந்து சென்று தேடுதல்.

செய்யத்தக்கன

தகவலாளர் பட்டியலில் மூன்று செய்திகளைக் கூடுதலாகச் சேர்த்தல் நன்று: பிறந்த ஊர், இவ்வூருக்கு வந்த ஆண்டு, மக்களும் பெயரரும் இன்று வாழும் ஊர். நேர்காணலின் இறுதியில் சில நிமையங்களில் பெறத்தக்க இச்செய்திகள் ஆய்வின் முடிவையே மாற்ற வல்லன.

வயதைப் பதியும் முறையிலும் திருத்தம் தேவை. இந்தியக் கணக்கெடுப்புகளில் 0, 5 ஆகிய எண்களில் முடியும் வயதுகள் அளவுக்கு மீறிக் குவிவது அறிஞர் நன்கறிந்த குறை. பிறந்த நாளை அறியாத முதியோர் அறுபது, அறுபத்தைந்து, எழுபது எனத் தோராயமாகக் கூறுவதே காரணம். தமிழ்க் கள ஆய்வாளர்க்கு இதனைச் சரிசெய்யும் கருவி மரபிலேயே உண்டு. அறுபது ஆண்டுப் பெயர்ச் சுழற்சியில் ஒருவர் தாம் ‘பிலவ’ ஆண்டில் பிறந்ததாகக் கூறின், அது 1961-62 ஆகவோ 2021-22 ஆகவோதான் இருத்தல் கூடும். முதியவரிடத்தில் ஐயமே எழாது. ஆண்டுப் பெயர் நினைவில் இல்லாதோரிடம் மொழிப்போர், புயல், பெருவெள்ளம் முதலிய நிகழ்ச்சிகளின்போது தமக்கு என்ன வயது எனக் கேட்டுத் தெளியலாம்.

துறை நூலகங்களில் உறங்கும் பழைய ஆய்வேடுகளின் தகவலாளர் பட்டியல்களை ஒருங்குதிரட்டுதல் மூன்றாவது பணி. பல்லாண்டுகளுக்கு முன் நேர்காணப்பட்டோரின் ஊருக்கு மீண்டும் சென்று, அவர் வழியினர் எங்குள்ளனர் எனத் தேடி, அதே பாடலையும் அதே சொல்லையும் அவர்களிடம் வினவுதல் வேண்டும். உண்மையான தலைமுறை ஒப்பீடு அதுவே. தகவலாளரின் இசைவும் தனியுரிமையும் பேணப்பட வேண்டும் என்பது சொல்லாமலே அமையும். மொழியியல் உயராய்வு மையத்தையும் தமிழ்த் துறையையும் ஒரே வளாகத்தில் கொண்ட சிதம்பரம் இப்பணிக்கு ஏற்ற தொடக்க இடமாகும்.

முடிவுரை

ஊரின் வயதமைப்பு, அவ்வூர்க் குடிகளின் தலைமுறை வரிசை அன்று. பிறப்பும் இறப்பும் வரவும் செலவும் சேர்ந்து அதனை ஆக்குகின்றன. கடலூர், சிதம்பரம், நெய்வேலி மூன்றும் அண்மை ஊர்களாக இருந்தும் அவற்றின் முதியோர்–இளையோர் உறவு ஒன்றுபோல் அமையவில்லை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எழுதப்பெறும் ‘தலைமுறை இடைவெளி’ பற்றிய முடிவுகள் மறு ஆய்வுக்கு உரியன.

2031ஐ நோக்கிச் செல்லும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் அறுபதைக் கடந்தவராக இருப்பர். எண்ணிக்கையில் பெருகும் முதியோரைத் தகவல் தருவோராக மட்டும் கண்டு, அவர்தம் பிள்ளைகள் எங்குச் சென்றனர் என்று கேளாமல் திரும்பும் ஆய்வு அரைகுறையானது. தமக்குத் தெரிந்த பாடலைக் கேட்க ஆளில்லாமல் வாழும் மூதாட்டிக்கும், பாட்டியின் பாடலை வேற்றூரில் மறவாமல் வைத்திருக்கும் பெயர்த்திக்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பதும் தமிழாய்வின் பணியே. அத்தொலைவு காலத்தால் ஆனதா, இடத்தால் ஆனதா என அறிந்த பின்னரே ‘அழிந்தது’ என எழுதுதல் தகும்.